கோப்பிப் பாதையின் மரணங்களும் உள்நச்சு அதிர்ச்சியும்

மகாவலி கங்கையின் கரையில் அமைந்த கம்பளை மாநகர் இருவேறு காரணங்களால் இலங்கை வரலாற்றில் இடம்பெறுகின்றது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கள மன்னர்தம் தலைநகராய் விளங்கியமை ஒன்று. அக்காலத்தே, 1344ஆம் ஆண்டில், அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரை தென்னாட்டுச் சிற்பியாகிய கணேசுவராச்சாரியின் கைத்திறத்தால் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்நகர் கோப்பி நாட்டின் தலைவாயிலாய் அமைந்தமை மற்றையது. 1820களில் ஜோர்ஜ் பேட் என்னும் ஆங்கிலேயர் கம்பளைக்கு அருகேயுள்ள சிங்கபிட்டியவிற் கோப்பித் தோட்டம் ஒன்றைத் திறந்தார். அதனைத் தொடர்ந்து புசல்லாவை, இறம்பொடை, தொலஸ்பாகை, அம்பகமுவை எனக் காடுகள் ஒவ்வொன்றாய் அழிந்து தோட்டங்களாயின. அவற்றுக்குச் சென்ற பாதைகளுட் பல கம்பளையை ஊடறுத்தே சென்றன.

முதற் சிறப்புக்குக் கல்வெட்டும் கோயிலும் சான்றாய் நிற்கின்றன. இரண்டாவதற்குச் சான்றாய் நிற்பன தேயிலை மலைகளும், புகையிரதப் பாதையும், பெயரறியாப் புதைகுழிகளுமாம். தமிழகத்திலிருந்து நடந்துவந்து இம்மலைகளிற் கோப்பி பறித்தோருள் எத்துணையோர் பாதையிலும் லயத்திலும் மாண்டனர் என்பது இன்றும் வரலாற்றாசிரியர் வாதிடும் பொருள். ஆயின், அவர்கள் எவ்வாறு மாண்டனர், நோய் அவர்தம் உடலினுள் யாது செய்தது என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்பட்டிலது. அக்காலத்து ஏடுகள் ‘பேதி’ என்றும், ‘காய்ச்சல்’ என்றும், ‘சோர்ந்து வீழ்ந்தான்’ என்றும் ஒரு சொல்லில் முடித்துவிட்டன. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மறைந்து நின்றதை விளக்க மருத்துவ உலகுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது. அவ்விளக்கத்தின் முதற்படி, கோப்பிப் பாதையிற் பேரச்சம் விளைத்த அதே கொலராக் கிருமியிலிருந்தே தொடங்கியது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பாதையும் பயணிகளும்

கோப்பிப் பயிர் தேயிலையைப் போன்றதன்று. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது; கோப்பிப் பழமோ ஆண்டின் இறுதி மாதங்களிற் பெரிதும் பறிக்கப்படுவது. ஆதலின் அறுவடைக் காலத்தில் மாத்திரமே பெருந்தொகையான தொழிலாளர் தேவைப்பட்டனர். மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே கூட்டங் கூட்டமாய்ப் புறப்பட்டோர், இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து வடபாதை என வழங்கிய காட்டுவழியே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை ஆகிய இடங்களைக் கடந்து, ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தனர். அப்பால் கண்டி, அதற்கும் அப்பால் கம்பளை. பறிப்பு முடிந்ததும் பலர் அதே வழியால் ஊர் திரும்பினர். ஆண்டுதோறும் இருமுறை மக்கள் வெள்ளம் ஒரே பாதையால், ஒரே குளங்களின் நீரைப் பருகிக்கொண்டு சென்றது என்க.

நீர்வழிப் பரவும் நோய்க்கு இதனினும் வாய்ப்பான நிலை வேறில்லை. வறண்ட காட்டுப் பகுதியில் நீர்நிலை சில. முன்சென்ற கூட்டத்தில் ஒருவன் பேதியுற்று ஒரு குளக்கரையில் வீழ்ந்தால், பின்வந்த கூட்டங்கள் யாவும் அக்குளத்து நீரையே முகந்து குடித்தன. 1817ஆம் ஆண்டில் வங்காளத்தில் எழுந்த கொலராக் கொள்ளைநோய், இரண்டாண்டுக்குள் இலங்கையையும் எட்டியது. அது முதல் அந்நூற்றாண்டு முழுவதும் தமிழகக் கரையில் நோய் எழுந்தபோதெல்லாம் வடபாதையிலும் அது தொடர்ந்தது. 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, பசியால் ஏலவே மெலிந்த உடலுடன் பல்லாயிரவர் இப்பாதையால் வந்தனர்.

1840களில் மாண்டோரின் தொகை 70,000 வரை இருக்கலாமெனக் கொழும்புப் பத்திரிகையொன்று 1849இல் மதித்துரைத்தது. பின்வந்த ஆய்வாளர் பலர் இத்தொகையை மிகையெனக் கருதுவர். வந்தோரையும் மீண்டோரையும் எண்ணிய கணக்குகளே முறையாக இல்லாத காலத்தில், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை மரணமெனக் கொள்வது பொருந்தாது என்பது அவர்தம் வாதம். தொகை எதுவாயினும், அரசு தலையிட வேண்டிய அளவுக்கு மரணம் மிகுந்திருந்தது என்பதில் ஐயமில்லை. வடபாதையில் நிழற்கொட்டகைகளும் கிணறுகளும் அமைக்கப்பட்டன. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தேசாதிபதி வில்லியம் கிறகரியின் ஆட்சியில் நிறைவேறிற்று. கோப்பி மாவட்டங்கள் மருத்துவப் பிரிவுகளாய் வகுக்கப்பட்டு, மருத்துவரும் வைத்தியசாலைகளும் ஏற்படுத்தப்படலாயின. 1874இற் புகையிரதம் கம்பளையைக் கடந்து நாவலப்பிட்டியை எட்டியபின் மலையகத்து நடை குறைந்தது. வடபாதை 1899இல் தொழிலாளர் வரவுக்கு மூடப்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியதும், மண்டபம் முகாமில் வருவோரைத் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பும் முறை நிலைபெற்றது.

அக்கால மருத்துவரின் விளக்கமும் கைவிடப்பட்ட ஒரு மருந்தும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கொள்ளைநோய்க்குக் காரணம் அழுகிய பொருள்களினின்றும் எழும் தீய காற்றே என மேலைநாட்டு மருத்துவருட் பெரும்பாலார் நம்பினர். தொழிலாளரின் உணவு, உடை, பழக்கம் என்பனவே அவர்தம் மரணத்துக்குக் காரணமென உரைப்பாரும் இருந்தனர். தோட்டத்து மருந்துப் பெட்டியில் கொயினா, ஆமணக்கெண்ணெய், அபின் கலந்த மருந்து முதலியன இருந்தன. அபின் வயிற்றோட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தும். ஆயின் கிருமியைக் குடலினுள்ளே அடைத்துவைக்கும். சீதபேதியில் அது நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்திருத்தல் கூடும்.

இவ்விடத்து ஓர் உண்மை நினைவுகூரத்தக்கது. 1831ஆம் ஆண்டின் இறுதியில் ஓசோனெசி என்னும் இளம் மருத்துவர் கொலரா நோயாளரின் குருதியைச் சோதித்து, அது நீரையும் உப்பையும் பெரிதும் இழந்துவிட்டதெனக் கண்டார். 1832இல் ஸ்கொத்லாந்தின் லீத் நகரத்துத் தோமஸ் லற்றா என்பார், சாகுந் தறுவாயிலிருந்த நோயாளரின் நாளத்தினுள் உப்புநீரைச் செலுத்திச் சிலரை மீட்டார். கோப்பிக் காலம் தொடங்கும் முன்னரே மருந்தின் அடிப்படை கண்டறியப்பட்டிருந்தது. ஆயினும் தூய்மையற்ற நீரைக் குருதியிற் செலுத்தியமையாற் சிலர் காய்ச்சலும் நடுக்கமுங் கண்டு இறந்தனர், முறை கைவிடப்பட்டது. இக்காய்ச்சலுக்கும் நடுக்கத்துக்கும் காரணம் யாது என்பது அன்று எவர்க்கும் தெரியாது. 1923இல் அமெரிக்கப் பெண் அறிஞர் புளோரன்ஸ் சீபேட் அதற்கு விடை கண்டார். வடித்த நீரிற்கூட வளர்ந்து மடியும் நுண்ணுயிர்கள் விட்டுச்செல்லும் ஒரு பொருளே அக்காய்ச்சலை உண்டாக்குகின்றது. கொதிக்கவைப்பினும் அது அழியாது. அப்பொருளே இக்கட்டுரைக்குப் பொருளான உள்நச்சு.

கொலராக் கிருமி கற்பித்த பாடம்

1884ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் இராபேட் கொக், கல்கத்தாவிற் கொலரா நோயாளரின் குடலிலும், அவர்கள் பயன்படுத்திய குளத்து நீரிலும் வளைந்த வடிவுடைய கிருமியைக் கண்டார். நோய்க்குக் காரணம் நீர்வழி வரும் கிருமியே என்பது நிலைபெற்றது. தொண்டைக்கரப்பான் நோயில் அதன் கிருமி வெளியே உமிழும் நஞ்சே உடலைக் கெடுப்பதென்பது 1888 முதல் அறியப்பட்டிருந்தது. கொலராக் கிருமியும் அவ்வாறே நஞ்சை உமிழ்தல் வேண்டுமெனப் பலர் கருதித் தேடினர்.

பேர்லினிற் கொக்கின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த ரிச்சாட் பைவர், 1892இல் ஒரு புதுமையைக் கண்டார். உயிருள்ள கிருமியேயன்றி, சூட்டினாற் கொல்லப்பட்ட கிருமியும் கினிப் பன்றிகளைக் கொன்றது. கிருமி இறந்தும் நஞ்சு இறவாதிருந்தது. எனவே இந்நஞ்சு கிருமி வெளியே உமிழ்வதன்று. அதன் உடலோடு ஒன்றிய பகுதியே என அவர் துணிந்து, அதற்கு உள்நச்சு எனப் பொருள்படும் பெயரை இட்டார்.

இங்கே வரலாறு ஒரு திருப்பம் கொள்கின்றது. பைவர் கண்ட உள்நச்சு உண்மை. ஆயின் கொலரா நோயாளரைக் கொல்வது பெரும்பாலும் அதுவன்று. கொலராக் கிருமி குடலின் உட்சுவரைத் துளைத்துக் குருதியிற் புகுவதில்லை. குடலினுள் நின்றே புறநச்சொன்றை உமிழ்ந்து, உடலின் நீரையும் உப்பையும் மணிக்கு ஒரு லீற்றர் அளவுவரை வெளியே கொட்டச்செய்கின்றது. இதனை 1959இற் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் தே முயற்குடலில் நிகழ்த்திய எளிய சோதனைகளால் நிறுவினார். கொலராவிலிருந்து உள்நச்சைக் கண்ட பைவரின் விளக்கம் கொலராவுக்குப் பொருந்தாது போயிற்று. ஆயின் சீதபேதி, நெருப்புக் காய்ச்சல், கொள்ளைக்காய்ச்சலாகிய பிளேக்கு, மூளைமென்சவ்வழற்சி, அழுகிய புண்ணால் வரும் குருதி நஞ்சேற்றம் ஆகிய பிறவற்றை விளங்குதற்கு அதுவே திறவுகோலாயிற்று.

உள்நச்சு யாது?

1884இற் கிறிஸ்தியன் கிராம் என்னும் தென்மார்க்கு நாட்டறிஞர் கண்ட சாயமூட்டும் முறையால், பற்றீரியாக்களை இரு பெரும் பிரிவாக வகுக்கலாம். அச்சாயத்தைத் தக்கவைக்காத பிரிவு கிராம் எதிர் பற்றீரியா எனப்படும். இப்பிரிவினவற்றின் உடலைச் சுற்றிப் புறமென்சவ்வு ஒன்றுண்டு. அச்சவ்வின் வெளிப்புறத்தில் நெருங்கப் பதிந்திருக்கும் மூலக்கூறே இலிப்பிட்டுப் பல்சக்கரைட்டு. கொழுப்பும் வெல்லச் சங்கிலியும் இணைந்த இதுவே உள்நச்சு. ஒரு பற்றீரியாவின் மேற் பத்து இலட்சத்துக்குக் குறையாத எண்ணிக்கையில் இம்மூலக்கூறுகள் உள்ளன. பற்றீரியா பிளவுறும்போதும் மடியும்போதும் இவை விடுபடும். இதன் கொழுப்புப் பகுதியே நச்சுத்தன்மையின் இருப்பிடம் என்பதை ஜெர்மனியில் ஒற்றோ வெஸ்பால், ஒற்றோ லூடெரிற்சு ஆகியோரின் நெடுங்கால உழைப்பு காட்டிற்று. 1980களில் அப்பகுதியின் முழு அமைப்பும் தெளிவாகி, யப்பானிய அறிஞர் அதனைச் செயற்கையாக ஆக்கியபோது அவ்வுண்மை ஐயத்துக்கிடமின்றி உறுதியாயிற்று.

சயனைட்டு முதலிய நஞ்சுகள் கலத்தின் இயக்கத்தைத் தாமே தடுத்துக் கொல்வன. உள்நச்சோ அத்தகையதன்று. அது தானாக எதனையும் எரிப்பதுமில்லை, உடைப்பதுமில்லை. ‘பகைவன் புகுந்தான்’ என்று உடலுக்கு அறிவிப்பதே அதன் செயல். அவ்வறிவிப்பைக் கேட்ட உடல் தன் படைக்கலங்கள் யாவற்றையும் ஒருங்கே எடுத்துத் தன் நாட்டையே பாழாக்கிக்கொள்கின்றது. ஓர் எலியினம் மாத்திரம் உள்நச்சால் தாக்குறாதிருப்பதன் காரணத்தை ஆராய்ந்த புரூஸ் பொயிற்லரும் உடனாய்வாளரும், 1998இல் அவ்வறிவிப்பைக் கேட்குஞ் செவியைக் கண்டனர். தின்கலங்களின் மேலுள்ள டோல் வகை ஏற்பி 4 என்பதே அது. 2011இல் நோபல் பரிசு பெற்றோருள் பொயிற்லரும் ஒருவர்.

மனிதன் இதற்கு மிகக் கூருணர்வுடையன். ஆய்வுக்கு உடன்பட்ட தன்னார்வலர்க்கு உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு 2 முதல் 4 நனோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் இரண்டு முதல் நான்கு பங்கு, உள்நச்சு செலுத்தினாலே ஓரிரு மணி நேரத்திற் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் தோன்றும். 1993இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை, ஆய்வுகூடப் பணியாளர் ஒருவர் தம் நோயைத் தாமே தீர்க்கக் கருதி ஒரு மில்லிகிராம் உள்நச்சைத் தமக்கு ஏற்றிக்கொண்டதை விவரிக்கின்றது. அது தன்னார்வலர்க்குக் கொடுக்கப்படுவதினும் ஆயிரக்கணக்கான மடங்கு. குருதியமுக்கம் வீழ்ந்து, சுவாசப்பையும் ஈரலும் சிறுநீரகமும் ஒருங்கே தளர்ந்தன. அவர் உடலில் உயிருள்ள கிருமி ஒன்றேனும் இருந்ததில்லை. தீவிர சிகிச்சையால் அவர் உயிர்பிழைத்தார்.

உறுப்புக்கள் தளரும் வகை

உள்நச்சு குருதியில் மிகும்போது உடலுறுப்புக்கள் அடையும் நிலையை வரிசையாக நோக்குதல் தகும்.

முதற்கண் குருதிக்குழாய்கள். தின்கலங்கள் வெளியிடும் கட்டி நசிவுக் காரணி, இன்ரலூக்கின் முதலிய தூதுப் பொருள்கள் குழாய்களின் உட்படையைத் தூண்டுகின்றன. நைத்திரிக்கொட்சைட்டு மிகுதியாக உண்டாகிக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. உட்படையின் இணைப்புக்கள் நெகிழ்ந்து குருதியின் நீர்ப்பகுதி இழையங்களினுள் ஒழுகுகின்றது. வரம்பு உடைந்த வாய்க்கால் போலக் குருதியோட்டம் அமுக்கத்தை இழக்கின்றது. தொடக்கத்தில் நோயாளியின் கைகால்கள் சுடுதலும், பின்னரே குளிர்தலும் இதனாலாம்.

இருதயம் இவ்வீழ்ச்சியை ஈடுசெய்ய விரைந்து துடிக்கும். ஆயின் அதன் தசையும் அதே தூதுப் பொருள்களால் வலியிழக்கின்றது. உயிர்பிழைத்தோரில் இத்தளர்ச்சி ஏழு முதற் பத்து நாட்களில் நீங்குவதை 1984இல் அமெரிக்க மருத்துவர் காட்டினர். ஆகவே இது தசை இறத்தலன்று, தசை மயங்குதல் எனலாம்.

சுவாசப்பைகளின் நுண்ணறைகளைச் சூழ்ந்த மயிர்க்குழாய்கள் ஒழுகுதலால் அறைகளினுள் நீர் நிறைகின்றது. நீரில் மூழ்காமலே மூழ்கியவன் போல நோயாளி மூச்சுக்குத் திணறுவான். பல்வேறு நோய்களின் இறுதியிற் காணும் இந்நிலையை 1967இல் டென்வர் நகர மருத்துவர் தனியொரு நோய்நிலையாக விவரித்தனர்.

சிறுநீரகங்களில் வடித்தல் குறைந்து சிறுநீர் அருகுகின்றது. குருதி போதாமையே இதற்கு முழுக் காரணமென நெடுங்காலம் எண்ணப்பட்டது. நுண்குழாய்களிற் குருதியோட்டம் சீர்கெடுதலும், சிறுநீரக நுண்குழல்களின் கலங்களை அழற்சிப் பொருள்கள் தாமே தாக்குதலும் அதனோடு சேர்வன என்பது இன்றைய கருத்து.

ஈரலின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. மனிதக் குடலிற் கோடானுகோடி கிராம் எதிர் பற்றீரியாக்கள் இயல்பாகவே வாழ்கின்றன. அவற்றிலிருந்து சிறிதளவு உள்நச்சு நாள்தோறும் ஈரலை நோக்கிச் செல்லுங் குருதியிற் கலத்தல் கூடும். ஈரலிலுள்ள குப்பர் கலங்கள் அதனை வாயிற்காவலர் போல் நின்று அகற்றுகின்றன. அதிர்ச்சியிற் குடலுக்குக் குருதி குறைய, குடற்சுவர் தன் தடையை இழக்கின்றது; அதே வேளையிற் காவலர் தளர்கின்றனர். வெளிப்பகையோடு உட்பகையுஞ் சேர்கின்றது. பித்தநிறம் ஏறுகின்றது, குருதியில் வெல்லத்தின் அளவு இறங்குகின்றது.

குருதியுறைவும் நெறி தவறுகின்றது. இத்தாலிய அறிஞர் சனரெலி 1924இற் கொலராக் கிருமியைச் சிறிதளவு முயலின் நாளத்திற் செலுத்தி, மறுநாள் வேறொரு பற்றீரியாவின் வடிநீரைச் செலுத்தினார். முயல்கள் வீழ்ந்து மடிந்தன. 1928இல் சுவாட்சுமன் தோலில் இதனையொத்த விளைவைக் கண்டார். நுண்குழாய்கள் எங்கும் குருதி உறைதலும், உறைவிக்கும் பொருள்கள் அவ்வாறு செலவழிந்தமையாற் பிறவிடங்களிற் குருதி ஒழுகுதலும் ஒருங்கே நிகழும் முரண்நிலை இவற்றால் விளங்கலாயிற்று. விரல் நுனிகள் கறுத்தலும், சிறுநீரகத்தின் மேலமைந்த அதிரினற் சுரப்பிகளினுட் குருதி கசிந்து அவை அழிதலும் இதன் கொடிய வடிவங்கள். பின்னதை வோட்டர்கவுஸ் 1911இலும் பிரிடெரிக்சன் 1918இலும் விவரித்தனர்.

மூளை ஏனையவற்றின் அழிவை முன்னறிவிக்கின்றது. பிதற்றலும் மயக்கமும் பல நோயாளரிற் குருதியமுக்கம் வீழுமுன்னரே தோன்றும்.

பாதையை மீண்டும் நோக்குதல்

இவ்வறிவோடு கோப்பிப் பாதையை மீண்டும் நோக்கின் சில செய்திகள் தெளிவாகின்றன. பாதையில் திடீரென வீழ்ந்து ஒரு பகலுள் மாண்டோருட் பலர் கொலராவின் நீரிழப்பால் மாண்டிருப்பர். தோட்டத்தை அடைந்தபின், சில நாட் காய்ச்சலும் குருதிபோக்கும் கண்டு, பிதற்றி, கைகால் குளிர்ந்து இறந்தோரின் கதை வேறு. சீதபேதிக் கிருமி குடற்சுவரைப் புண்படுத்துவது. 1897இல் யப்பானிய அறிஞர் சீகா அதனைக் கண்டறிந்தார். அட்டைக்கடியும் முட்கீறலும் சீழ்ப்புண்ணான கால்களும் வேறு கிருமிகளுக்கு வாயிலாய் அமைந்தன. அக்காலத்து ஏடுகளைக் கொண்டு தனியொருவரின் மரணத்துக்கு இன்று காரணங் கூறல் இயலாது. ஆயினும் ‘பேதி’ என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது இருவகை மரணம் அடங்கியிருந்தது என்பது தெளிவு: ஒன்று நீர் வற்றியதால் வந்தது, மற்றையது உடலின் காவலே உடலைச் சிதைத்ததால் வந்தது.

இரண்டினும் உடலின் முன்னிலை பெரிதும் பொருட்படுவது. பஞ்சத்தால் மெலிந்தவன் உடலில் ஈரலின் சேமிப்பு இல்லை, தசையில் வலுவில்லை. கொக்கிப்புழு மலையகத் தோட்டங்களிற் பரவிக் குருதியை உறிஞ்சி வந்தது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது, மருந்து கொடுப்பதோடு மலசலகூடம் அமைப்பதும் இன்றியமையாததாயிற்று. பிராணவாயுவைச் சுமக்குங் குருதி ஏலவே வற்றியிருந்தவனுக்கு அதிர்ச்சியைத் தாங்கும் இடைவெளி மிகச் சிறிது. பலர் கருதியவாறு தொழிலாளரின் ‘பழக்கம்’ அன்று, அவர்தம் நீரும் உணவும் நடையுமே மரணத்தின் மூலம் என்பதை உடலியலும் உறுதிப்படுத்துகின்றது.

எல்லாவற்றினும் முதன்மையானது காலம். உள்நச்சு அதிர்ச்சியில் உறுப்புக்கள் ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒன்றால் ஒன்றாகவும் தளர்வன. தொடக்க மணிநேரங்களில் மீட்கக்கூடியவனை மறுநாள் மீட்டல் அரிது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் வைத்தியசாலைகள் எழுந்தபோதும், தொழிலாளர் இறக்குந் தறுவாயிலேயே அங்கு அனுப்பப்படுகின்றனர் என்பது அரச மருத்துவர்தம் முறைப்பாடாய் இருந்தது. வேலைநாள் இழப்பு, வைத்தியசாலைச் செலவு, மலைவழியே தூக்கிச்செல்லும் தொல்லை ஆகியன அனுப்புதலைத் தாழ்த்தின. தாழ்த்திய பின்னர், ‘வைத்தியசாலைக்குப் போனவன் மீளான்’ என்னும் அச்சம் லயங்களில் வேரூன்றியது; அவ்வச்சம் நோயாளரை மேலும் ஒளிக்கச்செய்தது. தாமதம் மரணத்தையும், மரணம் தாமதத்தையும் வளர்த்தன.

இந்நோய் தொழிலாளரை மாத்திரம் தீண்டியதன்று. 1927இல் இலங்கையிலிருந்து முதன்முதலாக அறிவிக்கப்பட்ட மெலியோயிடோசிஸ் நோயாளி ஐரோப்பியத் தேயிலைத் தரகர் ஒருவர். மண்ணிலும் நீரிலும் வாழும் கிராம் எதிர் பற்றீரியாவால் வரும் இந்நோய், குருதியிற் பரவியவிடத்து அதிர்ச்சியாய் முடிவது. வயலில் வேலைசெய்வோர், நீரிழிவு நோயாளர் ஆகியோரிடையே இது இலங்கையின் பல பாகங்களிலும் உள்ளதென்பது 21ஆம் நூற்றாண்டிலேயே நன்கு வெளிப்பட்டது.

மருந்து தேடிய கதை

உள்நச்சை முறிக்கும் மருந்தொன்றை மருத்துவ உலகு நெடுங்காலம் தேடியது. 1985இல் கட்டி நசிவுக் காரணியைத் தடுக்கும் பிறபொருளெதிரி எலிகளைக் காத்தது. 1991இல் உள்நச்சுக்கே எதிரான பிறபொருளெதிரியொன்று நோயாளரிற் பயன்தரும் என அறிவிக்கப்பட்டது. பின்வந்த சோதனை அதனை உறுதிப்படுத்தாமையால் அது கைவிடப்பட்டது. டோல் ஏற்பியை அடைக்கும் எரிற்றோறன் என்னும் மருந்தும் 2013இல் வெளியான பெருஞ் சோதனையில் உயிர்காக்கத் தவறியது. எலி மனிதனினும் பன்மடங்கு உள்நச்சைத் தாங்கவல்லது. மேலும் நோயாளி வைத்தியசாலையை அடையும்போது அறிவிப்பு முடிந்து போர் தொடங்கிவிடுகின்றது. செவியை அடைத்துப் பயனில்லை.

எனவே இன்றைய சிகிச்சை எளிய செயல்களை விரைந்து செய்வதில் தங்கியுள்ளது. தக்க நுண்ணுயிர்க்கொல்லியை அதிர்ச்சி கண்ட முதல் மணிநேரத்துட் கொடுத்தல், நாளத்தினுள் நீரேற்றல், நோரதிரினலின் கொண்டு குருதிக்குழாய்களை இறுக்குதல், சீழிருப்பின் அகற்றுதல், தளர்ந்த உறுப்புக்குத் துணைநிற்றல் என்பனவே அவை. கொலராவிலோ மருந்து இன்னும் எளிது. 1971இல் வங்காள அகதிகள் முகாமொன்றில் திலீப் மகலநபிசு உப்பும் வெல்லமுங் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து, நூற்றுக்கு 30 அளவிலிருந்த இறப்பை 4க்கும் கீழே தாழ்த்தினார். வடபாதையின் ஒவ்வொரு தங்குமடத்திலும் கொதித்தாறிய நீரும் உப்பும் வெல்லமும் இருந்திருப்பின், அப்பாதையின் வரலாறு வேறாயிருக்கும். அவற்றுள் எதுவும் அன்று கிடைத்தற்கரிய பொருளன்று.

2017ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 90 இலட்சம் பேர் தொற்றால் உறுப்புத்தளர்ச்சி நிலையுற்றனர் என்றும், அவருள் 1 கோடியே 10 இலட்சம் பேர் இறந்தனர் என்றும் 2020இல் வெளியான ஆய்வொன்று மதித்தது. இவ்விறப்புக்களுட் பெரும்பங்கு வறிய நாடுகளுக்குரியது. கிருமியின் இயல்பு எங்கும் ஒன்றே; தூய நீரும், போதிய உணவும், வைத்தியசாலைக்குச் செல்லும் வழியின் நீளமுமே இடத்துக்கிடம் வேறுபடுவன.

ஓசோனெசி, லற்றா, கொக், பைவர், தே ஆகியோரின் பெயர்களை மருத்துவ வரலாறு போற்றுகின்றது. கம்பளைக்கு மேலுள்ள மலைகளில் கோப்பிச் செடிகளின் அடியிலும், பின்னர் தேயிலைச் செடிகளின் அடியிலும் புதையுண்டோரின் பெயர்களைப் போற்ற ஏடு இல்லை. அவர்தம் நோயை விளக்கும் அறிவு வளர்ந்துவிட்டது. அவர்க்குக் கிட்டாத முதல் மணிநேரத்தை இன்றைய நோயாளிக்குக் கிட்டச்செய்தலே அவ்வறிவின் பயனாம். காய்ச்சலோடு பிதற்றலும், சிறுநீர் அருகுதலும், கைகால் குளிர்தலும் கண்டவிடத்து ஒரு கணமுந் தாழ்த்தாது நோயாளியை வைத்தியசாலைக்கு எடுத்துச்செல்லல் வேண்டும் என்பதை, மலையகத்து வீடு ஒவ்வொன்றும் தன் முன்னோர் நடந்துவந்த பாதையின் பாடமாகக் கொள்ளுதல் தகும்.